தலைக்கட்டில் இல்லாத பிள்ளைகள்

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. நம் ஊர் அங்கன்வாடியில் உங்களுக்கு ஆயாவாக இருந்தவள், இப்போது உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் குடும்பக் கணக்கெடுப்பு நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

போன வாரம் சூப்பர்வைசர் மேடம் வந்தார். நோட்டைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பாதிப் பெயருக்குப் பதிலே இல்லை. “பேரு இருக்கு, பிள்ளை எங்கம்மா?” என்றார். நான் திருப்பூர், சென்னை, கோயம்புத்தூர் என்று ஊர்களாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். “அடுத்த மாசம் வருவேன். இருக்குறது இவ்வளவுதான்னா, இந்த அங்கன்வாடிய மூடி பக்கத்து ஊரோட சேத்துருவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஊருக்குப் போக அரிமளம் ரோட்டைத் தாண்ட வேண்டும். லாரி பறக்கும் ரோட்டில் மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் போகும், சொல்லுங்கள்?

அன்றைக்கு நோட்டை விரித்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. நீங்கள் வீடு வீடாகப் போய் எழுதவில்லை. கோயில் வரிக்கு வைத்திருக்கும் தலைக்கட்டுப் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் கல்யாணமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. துபாயில் இருந்தாலும் வரி கொடுத்தால் அவன் ஊர்க்காரன். அந்தப் பட்டியலில் ஊரை விட்டு யாருமே போகவில்லை, யாருமே வரவும் இல்லை. நானும் இரண்டு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு அதையே காப்பி எடுத்திருக்கிறேன்.

உங்கள் மகன் முத்துவும் அதில் இருக்கிறான். பெண்டாட்டி பிள்ளையோடு சிங்கப்பூர் போய் ஏழு வருஷமாகிறது. உங்கள் கையெழுத்தில் மூன்று பேரும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். மறந்துவிட்டீர்களா, மாற்ற மனசு வரவில்லையா? அழுதுவிட்டேன், மதினி.

மறுநாள் காலையில் புது நோட்டோடு கிளம்பினேன். பிறந்தவர், இறந்தவர், வந்தவர், போனவர் என்று நான்கு பக்கம் பிரித்துக்கொண்டேன். போனவர் பக்கம்தான் மளமளவென்று நிறைந்தது. கண்மாய் பெருகாத வருஷமெல்லாம் சில வீடுகள் வெளியூருக்குக் கிளம்பியிருக்கின்றன. அங்கே போனவர்கள் நல்ல சம்பளம் என்று சொன்னதும் மற்றவர்களும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். இளவட்டம் போன பிறகு பிறப்பு எங்கே இருக்கும்? இருக்கிற ஒன்றிரண்டு பேரும் ஒரு பிள்ளை போதும் என்கிறார்கள்.

வந்தவர் பக்கத்துக்கு ஆளில்லை என்று நினைத்துக்கொண்டே கல்குவாரி ஷெட்டுக்குப் போனேன். ஒடிசாக் குடும்பங்கள். மூன்று வருஷமாக நம் ஊர்க் கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். பதினொரு பிள்ளைகள், மதினி! சுனிதா என்ற பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்று, “எங்க பிள்ளைக்கும் முட்டை குடுப்பீங்களா அக்கா?” என்று தமிழில் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அங்கன்வாடிக் கட்டடம் ஊருக்குச் சொந்தமானது என்பதால், அந்தப் பிள்ளைகளையும் சேர்க்கப்போகிறேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். ஊர்த் தலைவரான நம் பெரியப்பா உடனே மறித்தார்.

“அவுக தலைக்கட்டே இல்லையே தாயி. இன்னைக்கு இருப்பாக, நாளைக்கு அங்கிட்டுப் போயிருவாக.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நம்ம தலைக்கட்டு மட்டும் போகலையா? எங்க மதினி குடுமியான்மலையிலருந்து வாக்கப்பட்டு வந்தாக. அவுகளும் வந்தவுகதானே? இங்க வெளியூருல பொறந்த பொம்பளைக எல்லாம் கையத் தூக்குங்க” என்றேன்.

பெரியம்மாவின் கைதான் முதலில் உயர்ந்தது. பிறகு ஏறக்குறைய எல்லாக் கைகளும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, எழுதிக்க” என்றார்.

இன்று பதினொரு பிள்ளைகளும் வந்து முட்டை சாப்பிட்டார்கள். மேடம் வரட்டும், பெயர் கூப்பிடட்டும்.

முத்துவைப் போனவர் பக்கத்தில் எழுதிவிட்டேன். கோபிக்காதீர்கள். உங்களோடு சண்டை போட வந்த நானும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அந்த நோட்டில் நீங்களும் நம் வீட்டில்தான் இருந்தீர்கள். இன்றைக்குத்தான் உங்கள் பெயரை இறந்தவர் பக்கத்தில் எழுதினேன்.

இனி ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஆளைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன். ஒரு பிள்ளையையும் அந்த ரோட்டைத் தாண்ட விடமாட்டேன், மதினி.

உங்கள் நாத்தனார்,
பொன்னழகி