கை நின்றால் நிற்கிற விஞ்ச்

செப்டம்பர் 9, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். பிசியோதெரபி ஹேமாவதி மேடம் தினமும் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வரியிலேயே தோள் வலிக்கிறது. போதும்.

செப்டம்பர் 11, வியாழன்

எதை எழுதுவது? நடந்ததையே எழுதலாம்.

ஜூலை 20, ஞாயிறு. மணிமங்கலம் தாண்டி ஒரு ஏரிச் சேறு. சேற்றில் ஜீப் ஓட்டிப் பழகப் போனோம், ஆறு பேர், நான்கு ஜீப். அரிகிருஷ்ணன் வண்டியின் முன்னால், கயிறு கட்டி வண்டி இழுக்கிற மோட்டார் விஞ்ச் உண்டு. சிக்கிய வண்டியை இழுத்து முடித்து, இரும்புக் கயிற்றை டிரம்மில் சுற்றிக்கொண்டிருந்தோம். கயிறு வரிசையாகப் படிய நான் வலது கையால் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். சுவிட்ச் அரி கையில். கயிற்றில் பிசிறிய ஒரு கம்பி என் கையுறையில் மாட்டியது. மோட்டாருக்கு அது தெரியாது. சுண்டு விரலும் கட்டை விரலும் மிச்சம்.

அரி பார்க்காமல் அழுத்திவிட்டான். எல்லோருக்கும் தெரிந்தது அதுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்ச்சில் ஒருவர் பழக்கத்தில் குலுக்கக் கையை நீட்டிவிட்டு, பாதியில் இழுத்துக்கொண்டார். என் மனைவி எப்சி பையை வாங்குவதுபோல் குறுக்கே வந்து நின்றாள். வாரத்தில் ஐந்து நாளும் குரோம்பேட்டை ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திவிட்டு வந்து, எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டு, சோறு பிசைந்து வைத்து… அவள் களைப்பைப் பார்த்தால் என் களைப்பைச் சொல்ல வாய் வருவதில்லை.

திருமுடிவாக்கம் பட்டறையை ராஜாராமன் பார்த்துக்கொள்கிறார். இருபது வருடம் நான் நின்ற லேத்தில் இப்போது அவர் நிற்கிறார். நான் போனால் நாற்காலி போடுகிறார்கள்.

செப்டம்பர் 17, புதன்

ஷ்யாம்சுந்தர் வந்தான். எங்கள் ஜீப் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருப்பவன் அவன். போன மழையில் முடிச்சூர் பக்கம் வெள்ளத்தில் மாட்டிய ஆட்களை ஏற்றப் போன எங்கள் வண்டிகளே இரண்டு இடத்தில் சிக்கின. இந்த மழைக்குள் கையால் இழுக்கிற ஒரு விஞ்ச் வாங்கிவிட வேண்டுமாம்.

“மோட்டார் வேணாம்னு எல்லாருமே சொல்லிட்டாங்க. எதை வாங்கறதுன்னு நீதான் பார்த்துச் சொல்லணும் காலேப்.”

மெஷின் தெரிந்தவன் நான்தான். இருந்தாலும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று வந்தானோ?

“அரி எப்படி இருக்கான்?” என்று கேட்டேன்.

“வண்டியை எடுக்கறதே இல்ல. விஞ்சைக் கழட்டி கடைக்குப் பின்னாடி போட்டுட்டான்.”

சமையலறையில் எப்சி பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

நான்கு நாளாகப் பார்த்ததில் கை விஞ்ச் மூன்று வகை.

ஒன்று, சின்ன டிரம்மும் பல்சக்கரமும் உள்ளது. எடை இல்லை, எங்கும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு மூன்று மீட்டர் இழுத்ததும் டிரம் நிரம்பிவிடும். சேற்றுக்குள் நின்று அவிழ்த்து, மறுபடி கட்ட வேண்டும். அடுத்தது சங்கிலி வைத்தது. பட்டறைகளில் பாரம் தூக்குகிற சாமான். இழுக்கிற தூரம் இன்னும் குறைவு. மூன்றாவதில் டிரம்மே கிடையாது. கயிறு மெஷினுக்குள் நுழைந்து பின்னால் வெளியே வருகிறது. உள்ளே இரண்டு தாடைகள் மாற்றி மாற்றிக் கயிற்றைக் கவ்வுகின்றன. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் இழுக்கலாம். கனம் அதிகம், வேகம் கிடையாது. லீவரை ஒரு தரம் தள்ளினால் சில விரற்கடைதான் நகரும்.

கை நின்றால் அதுவும் நின்றுவிடும். எனக்கு அது ஒன்று போதும்.

செப்டம்பர் 27, சனி

எப்சியோடு பாரிமுனை போனேன். பீச் ஸ்டேஷன் வரை ரயில், பிறகு நடை. கடைக்காரர் நீளமாகப் பேசுகிறவர். ஒரு டன் இழுக்கிற மெஷினை நான் கையில் எடுத்ததும், “இன்னா வண்டி சார்?” என்றார். சொன்னேன்.

“வண்டி வெயிட்ட மட்டும் பாக்காதீங்க. சேறு புட்சிக்கினா அது ஒரு வெயிட்டு கீது. சின்னத வாங்கிக்கினு போய் அங்க மாட்டிக்கினு, அப்பால என்னாண்ட வந்து சண்டை போடக் கூடாது. ஒன்றரை டன்னுக்கு மேல எடுங்க. கூட ஒரு கப்பி போட்டுக்கோங்க, பாரம் பாதியாய்டும்.”

லீவரில் செருகியிருந்த ஒரு சின்ன உலோக பின்னைக் காட்டினார். அளவுக்கு மீறி இழுத்தால் கயிறு அறுவதற்கு முன் இந்த பின் உடைந்துவிடும். “பின்னு போனா போவுது, ஆளு பொழச்சிக்குவான். அவசரத்துக்கு வேற போல்ட்டு கீல்ட்டு சொருவாதீங்க.”

இழுத்துப் பார்க்கச் சொன்னார். வலது கை வழுக்கியது. இடது கையால் பாதி தூரம். எப்சி என்னை நகர்த்திவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து முழுதாகத் தள்ளினாள். பிறகு கடைக்காரரைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் பல்லாவரம் தாண்டியதும், “அன்னிக்கு அந்த ஆள் ஒரு செகண்ட் திரும்பிப் பார்த்திருந்தா இதெல்லாம் உண்டா?” என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுத முடியவில்லை. கை காரணம் இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. எப்சி தூங்குகிறாள். எழுதிவிடுகிறேன்.

அரி பார்த்துத்தான் அழுத்தினான்.

கை காட்டாமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்று எங்கள் கூட்டத்துக்கு விதி போட்டதே நான். அன்றைக்கு வெயில், பசி, கிளம்ப வேண்டும் என்ற அவசரம். வலது கை கயிற்றில் இருக்கும்போதே இடது கையைத் தூக்கி ‘வா, இழு’ என்று காட்டினேன். அவன் இருந்த இடத்திலிருந்து என் வலது கை தெரியாது. என் சைகையைப் பார்த்தான், அழுத்தினான்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் எப்சி கேட்டாள்: “பார்க்காம அழுத்திட்டாரா?” ஆமாம் என்று தலையசைத்தேன். மருந்து மயக்கம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். இல்லை. நல்லா தெரிஞ்சுதான் ஆட்டினேன். என் முட்டாள்தனத்தால் கை போச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது – இவ்வளவுதான் அப்ப தோணுச்சு.

அரி வாசல் பக்கம் நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

அக்டோபர் 3, வெள்ளி

எப்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. அதைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“சாமுண்டீஸ்வரி அப்பவே பழம் வாங்கிட்டு வந்தா. அரி அண்ணாவோட வைஃப், நம்ம வீட்ல எத்தனை தரம் சாப்பிட்டிருப்பா. நான் கேட்டைத் திறக்கல. கம்பி வழியா பேசி அனுப்பிட்டேன். தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஆனால் பொத்தான் போட்டுவிடுகிறாள். என் முகத்தைப் பார்க்காமல்.

அக்டோபர் 12, ஞாயிறு

மண்ணிவாக்கம் போனேன். ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது அரியின் கட்டடச் சாமான் கடை. சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் ஆட்களை அனுப்பிவிட்டான்.

எப்சியிடம் சொல்லிவிட்டேன் என்றேன். ஷ்யாமிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“நீ ஏன்டா அன்னிக்கே சொல்லல?” என்று நான்தான் அவனைக் கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்வி.

“இன்னான்னு சொல்றது? கையில கட்டு போட்டுக்கினு படுத்துக்கினு கீற. உன்னாண்ட வந்து, தப்பு உன்னுதுடான்னு நியாயம் பேசச் சொல்றியா?”

பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“நீயே வருவன்னு பாத்துக்கினே இருந்தேன். மூணு மாசம் ஆவப்போவுது.”

மன்னிச்சிடு என்றேன்.

“இப்ப வுடு. இப்பவே எல்லாம் சரியாப் பூட்ச்சின்னு என்னால சொல்ல முடியாது.”

சாமுண்டீஸ்வரி காபி கொண்டுவந்தார். எனக்கு மட்டும். அவன் தனக்கு என்று கேட்கவில்லை.

அக்டோபர் 25, சனி

மூன்றாவது வகைதான் வாங்கினோம். ஒன்றே முக்கால் டன் இழுக்கும். இருபது மீட்டர் கயிறு, ஒரு கப்பி, மரத்தைக் காயப்படுத்தாத அகலப் பட்டை, உபரியாக ஐந்து பின். மெஷினை ஷ்யாமும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கி ஜீப்புக்குள் வைத்தார்கள். இவ்வளவு கனமா என்று ஒருவன் முனகினான். நடந்ததைக் கூட்டத்தில் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஒத்திகை. ஷ்யாம் தன் ஜீப்பை வேண்டுமென்றே சேற்றில் இறக்கினான். அரி வந்திருந்தான், பைக்கில். தூரமாகவே நின்றான்.

மரத்தில் பட்டை, பட்டையில் மெஷின், ஜீப்பில் கப்பி. கயிற்றின் மேல் ஒரு கனமான சாக்கைப் போட்டோம், அறுந்தாலும் தெறிக்காமல் விழ. இரண்டு பேர் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். முப்பது தள்ளலில் மூச்சு வாங்கியது. ஜீப் இரண்டு முழம்கூட வரவில்லை.

அரி வந்து லீவரைப் பிடித்தான். என் பக்கம் திரும்பாமலே கேட்டான்: “யார் சொல்லப் போறது?”

“நான் சொல்றேன்” என்றேன். கயிற்றை விட்டு எல்லோரும் விலகினார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். என் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டு, “இழு” என்றேன்.

அவன் இழுக்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். வலது கையை அவன் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தரம் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு குனிந்து தள்ள ஆரம்பித்தான்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை மூன்றாம் நாள். காலை ஏழு மணிக்கு முடிச்சூரில் ஒரு வேன் ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. உள்ளே டயாலிசிஸுக்குப் போகிற செல்லம்மா என்கிற அம்மாவும் அவர் மகளும். இடுப்பளவு தண்ணீரில் அவரை இறக்கி நடத்த முடியாது. வேன் இன்னும் சாய்ந்தால் ஜன்னல் வரை தண்ணீர்.

மெஷினை ஒரு புங்க மரத்தில் கட்டினோம். அரி லீவரில். இருபதாவது தள்ளலில் பின் உடைந்தது. வேன் டிரைவர் ஓடிவந்து ஒரு இரும்பு போல்ட்டை நீட்டினார். “வாணாம்” என்றான் அரி. மழையில் நின்று உபரி பின்னை நிதானமாகப் போட்டான். உள்ளே மகள் அழுதுகொண்டிருந்தாள்.

யாரோ பின்னாலிருந்து “இழுங்க, இழுங்க” என்று கத்தினார்கள்.

“அவன் சொல்லட்டும்” என்று என்னைக் காட்டினான் அரி.

ஐம்பது நிமிடம் ஆனது. வேன் தார் ரோட்டில் ஏறியது. செல்லம்மாவை ஷ்யாம் ஜீப்பில் மாற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பத்திரமாக வந்துவிட்டோம் என்று ஒன்பதரைக்கு போன் வந்தது.

உடம்பெல்லாம் வலிக்கிறது. நான் ஒன்றையும் தள்ளவில்லை. ஆனாலும் வலிக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

சர்ச் முடிந்து எப்சி முன்னால் வந்துவிட்டாள். நான் அஸ்தினாபுரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கேட் திறந்து கிடந்தது. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு, அரியுடையதும் சாமுண்டீஸ்வரியுடையதும்.

உள்ளே எப்சியின் குரல்.

“அவர்தான் அப்படின்னா, நீங்களும் ஏன் அண்ணா வாயைத் திறக்கல? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? உங்களை என்னென்ன நினைச்சேன் தெரியுமா?”

அரி ஏதோ முனகினான். சாமுண்டீஸ்வரி அவனைத்தான் திட்டினார். எப்சி விடவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்து மாதக் கோபம்.

மீன் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் முடிக்கும்வரை வெளியிலேயே நின்றேன்.