அண்ணன் கொண்டுவந்த ஒயின்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

இத்தாலியில் வேலை பார்க்கும் அண்ணன் இன்று மதியம் கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். கையில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில். "மலைத் தோட்டத்துல நூறு வருசக் கொடிங்க மாப்ள. இது சாராயமில்லீங்க, வெறும் திராட்சைதானுங்க" என்று என் கணவருக்கு டம்ளரில் ஊற்றினார். நாவல்பழம் போலக் கறுத்திருந்தது.

கணவர் குடித்துச் சீரழிந்ததும், ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவழியாக நிறுத்தியதும் என் பிறந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மானம் போய்விடுமென்று நான்தான் மறைத்தேன். டம்ளரைத் தொடாமல் அவர் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அண்ணன் கேட்பாரே.

"அண்ணன் ஆசையாக் கொண்டாந்திருக்காரு. ஒரு வாய் குடிச்சுப்போடுங்க" என்றேன்.

ஒரே மடக்கில் குடித்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஊற்றினார்.

அண்ணன் கிளம்பியதும் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். கணவர் பின்னால் நின்று பார்த்தார். பொழுது சாய்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "பால் வாங்கிட்டு வாரேன் அம்மணி" என்றார். நானும் தலையாட்டினேன்.

இன்னும் வரவில்லை. ஃப்ரிட்ஜில் பால் இருக்கிறது. காலையில் அவர்தான் வாங்கி வைத்தார்.