கியா பார்ம் சாலையில் நின்ற ஆம்புலன்ஸ்

கேமரன் மலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள திலகா அக்காவுக்கு,

உங்கள் தங்கை கங்கா எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் கோலாலம்பூரில் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் அழ ஆரம்பிக்கிறீர்கள், பிறகு நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது.

என் வீட்டுக்காரர் மகேனுக்கு வலது கால் கொஞ்சம் அசைகிறது. கை இன்னும் வரவில்லை. பேச்சு குழறுகிறது. நான் இரண்டாம் தடவை கேட்டால் கோபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். செவ்வாய்தோறும் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பயிற்சி. பக்கத்து வீட்டுச் சுப்பிரமணியம் அண்ணன் தேயிலைத் தோட்டத்து வேனில் கொண்டுபோய் விடுகிறார். முதலில் சனிக்கிழமைதான் கொடுத்தார்கள். வேண்டாம் என்று மாற்றிக் கேட்டேன். சனிக்கிழமை இந்தச் சாலையில் யார் போய்ச் சேருவது?

ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நீங்கள் வந்தபோது, ‘ஏன்டி இவ்வளவு லேட்டாக் கொண்டாந்தீங்க?’ என்று கேட்டீர்கள். ‘ஜாம்’ என்றேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை நாள் அது. நான் வழக்கம்போல் கியா பார்மில் நீலாவதியம்மா கடையில் நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்தே பிரிஞ்சாங் வரை கார்கள் நகரவில்லை. கார்கள் நின்றால்தான் எங்களுக்கு வியாபாரம். அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் கை ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அப்போது ஓர் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே வந்து எங்கள் கடைக்கு எதிரே நின்றுவிட்டது. முன்னாலிருந்த காரிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து சோளம் கேட்டார். கட்டிக் கொடுத்தேன். ‘ஐயோ பாவம், யாருக்கோ’ என்று நீலாவதியம்மா சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அடுத்தவருக்கு ஸ்ட்ராபெரி எடுத்து வைத்தேன்.

அப்புறம்தான் சுப்பிரமணியம் அண்ணன் போன் செய்தார். ‘தங்கச்சி, மகேன் பேக்டரியிலிருந்து வந்து குழாயடியில விழுந்துட்டான். வாய் கோணிக்கிச்சு. ஆம்புலன்ஸ் வருதாம், அசைக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. இன்னும் காணோம்லா’ என்றார்.

எதிரே நின்றது எங்கள் வீட்டுக்கு வந்த வண்டி, அக்கா.

நான் சாலையில் இறங்கி ஓடினேன். ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டி, ‘அண்ணே, கொஞ்சம் ஓரம் எடுங்கண்ணே’ என்று கும்பிட்டேன். ஒருவர், ‘எங்கேம்மா எடுக்கிறது? நீங்களே பாருங்க’ என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் காய்கறித் தோட்டத்துப் பள்ளம். இன்னொரு பக்கம் எங்கள் கடைகளும், கடைக்கு வந்தவர்களின் கார்களும்.

கடைசியில் சுப்பிரமணியம் அண்ணன் மகேனை வேனில் போட்டு, வர முடிந்த தூரம் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு கார்களுக்கு நடுவே நடந்து போனார்கள். கோலாலம்பூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த பையன்கள் நாலைந்து பேர் இறங்கி ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மகேனின் செருப்பு ஒன்று வழியில் விழுந்துவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. தானா ராத்தா போய், அங்கிருந்து ஈப்போ போவதற்குள் பக்கவாதத்துக்கான ஊசியைப் போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. வேனை எதிர்ப்பக்கம் திருப்பி, கம்போங் ராஜா வழியாக நேராக ஈப்போவுக்கே இறங்கியிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அன்று யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் பிரிஞ்சாங்கில் சாலையைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். விடுமுறை நாட்களில் கார்களைக் கீழேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏற்றி வருவது, சாலையோரக் கடைகளை உள்ளே தள்ளி ஒரு கட்டடத்தில் வைப்பது என்று திரையில் படம் காட்டினார்கள். லோரிக்காரர்கள் சாலையை அகலமாக்கச் சொன்னார்கள். ஓட்டல்காரர்கள் காரைத் தடுத்தால் ஆள் வராது என்றார்கள். கார் நிற்காவிட்டால் எங்களிடம் யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். எல்லோரும் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனதே நீலாவதியம்மாதான். ‘நீ ஒரு வார்த்தை எந்திரிச்சு சொல்லு கங்கா. வீட்டுக்காரரு படுத்துக் கிடக்கறப்ப இந்தப் பொழப்பையும் புடுங்கினா எப்படின்னு கேளு’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படித்தான் கேட்க நினைத்து எழுந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்துவிட்டது. எங்கள் கடைக்கு முன்னால்தான் ஆம்புலன்ஸ் நின்றது, நான் சோளம் விற்றுக்கொண்டிருந்தேன் என்றேன். பஸ் விடுங்கள், எங்களை உள்ளே தள்ளுங்கள், ஆனால் இடத்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில்தான் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை.

இன்னொரு ஆய்வு செய்யப் போவதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். போன சனிக்கிழமையும் அதே ஜாம்தான்.

கூட்டத்துக்கு அடுத்த வாரம் வேலைக்குக் கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் என் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நீலாவதியம்மா ஒரு பை நிறையக் கேரட்டும் முட்டைக்கோசும் போட்டு, ‘மகேன் தம்பிக்கு சூப்பு வச்சுக் குடு’ என்று கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

தோட்டம் கொடுத்த லைன் வீட்டை வருஷக் கடைசி வரை வைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருக்கிறார். தன்மையாகத்தான் சொன்னார். பேக்டரியில் மகேன் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். அதை இவரிடம் நான் சொல்லவில்லை. பேக்டரிச் சங்கு ஊதும்போது வாசல் பக்கம் பார்ப்பதை வைத்து, இவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்கும் முன்போல் முடியவில்லை, அக்கா. இவரைத் தூக்கி உட்கார வைத்தால் அப்புறம் கொஞ்ச நேரம் நானும் உட்கார வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கத்திலும் ரயில் பாதைக்காகச் சண்டை நடக்கிறது என்றீர்கள். ஜன்னலுக்கு நேராகத் தூண் வருகிறதாம், இரைச்சலில் தூங்க முடியாதாம், எதிர்த்துக் கையெழுத்து வாங்குகிறார்களாம். போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லமாட்டேன். உங்கள் வீடு, உங்கள் தூக்கம். போடுவதற்கு முன்னால் சிலதை மட்டும் விசாரித்து எழுதுங்கள். அந்த ஸ்டேஷனில் சக்கர நாற்காலியை ஏற்ற முடியுமா? அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே ரயிலில் போகலாமா? உங்கள் பிளாட்டில் லிப்ட் அடிக்கடி கெட்டுப்போகும் என்பீர்களே, இப்போது ஓடுகிறதா? வருஷக் கடைசிக்குப் பிறகு நாங்கள் இருவரும் அங்கே வந்தால் என்ன என்று மாமாவிடமும் கேட்டுச் சொல்லுங்கள். அவர் முகம் கோணாமல் சரி சொன்னால் மட்டும் எழுதுங்கள்.

உங்கள் இருவருக்கும் நோய் நொடி எதுவும் அண்டாமல் முனியாண்டி காக்கட்டும்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கை கங்கா