மாமா பெயரில் ஊதியவன்

குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

கோவர்த்தனனுக்கு, அக்கா தாட்சாயணி சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக் காவ்யா எழுதுவது. நீ சுகமா என்று கேட்கமாட்டேன். உன் நுரையீரல் முதல்தரம் என்று, மாமா பெயர் போட்ட காகிதமே சொல்கிறது. என் போனைத் தடுத்துவிட்டாய். தபால்காரரைத் தடுக்க முடியாதே.

சனிக்கிழமை என் வீட்டுக்காரரை, அதான் உன் மாமாவை, திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஒரு பலாப்பழக்காரி சீட்டில் பழத்தை உட்காரவைத்து, "அதுக்கும் டிக்கெட் வாங்கிக்கிறேன், நின்னுக்கினே வா" என்று சண்டைக்கு வந்தாள். அவளிடமாவது நியாயம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குக் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, அந்தப் பெண் "ஊது, ஊது, இங்கா, இங்கா" என்று, இன்னும் இன்னும் ஊதச் சொல்லி, தெலுங்கில் கத்தினாள். மூன்று தடவை ஊதினார். அடுப்புச் சாம்பல்கூடப் பறந்திருக்காது. நெஞ்சு பிடிக்கவேண்டிய காற்றில் பாதிதான் பிடிக்கிறதாம். பதினெட்டு வருஷம் கல் அறுத்த தூசு.

உன் கம்பெனியோ, போன வருஷம் அவர்கள் ஊதவைத்துச் சோதித்த காகிதத்தை நீட்டி, "எங்ககிட்ட நல்லாத்தான் இருந்தாரு, பீடி புடிச்சி வந்தது" என்கிறது. வைத்தியத்துக்கு ஒன்றும் தராதாம்.

வேலை போய்விடும் என்று பயந்து, உன்னைத் தன் பெயரில் ஊதச் சொன்னது அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊதியது நீ. அன்று என் வீட்டில் கோழிக்குழம்பு துன்னுக்கினே, "அக்கா, மாமாவுக்கு இன்னா மூச்சு, யானை மூச்சு" என்று சிரித்தாய். இன்று அதே கம்பெனியில் மேஸ்திரி. என் மகன் முரளி வாசலில் வந்து கேட்டால், "எனக்கு ஒன்னும் தெரியாது, போடா" என்கிறாய்.

அந்தக் காகிதத்தில் உயரமும் இருக்கிறது. உயரத்தை வைத்துத்தான் மூச்சைக் கணக்குப் பார்ப்பார்களாம். நூற்று எழுபத்தாறு சென்டிமீட்டர். மாமா நூற்று அறுபது. டாக்டர் என்னைப் பார்த்து, "ஏம்மா, ஒரே வருஷத்துல மனுஷன் இவ்ளோ குள்ளமாயிடுவானா?" என்றார்.

வருகிற திங்கள் பத்து மணிக்குச் சித்தூர் லேபர் ஆபீஸில் விசாரணை. நீயாக வந்து உண்மையைச் சொல். வராவிட்டால் உன்னைச் சுவரோரம் நிறுத்தி அளக்கச் சொல்வேன். கூடப்பிறந்தவன் என்று பார்க்கமாட்டேன்.

மாமாவுக்கு இந்தக் கடிதம் பிடிக்கவில்லை. "புள்ளகுட்டிக்காரன், உட்டுடு தாட்சாயணி" என்றார். அந்த மூன்று சொல்லுக்குள் இரண்டு தடவை நின்று இளைத்தார்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். திங்கட்கிழமை வந்துவிடுடா.

இப்படிக்கு,
இன்னும் உன் அக்காதான்,
தாட்சாயணி