நான் வரைந்த பெடல்

1953 ஏப்ரல் 23, வியாழன்

பின் அச்சை மூன்றாவது தடவையாக மாற்றி வரையச் சொல்லிவிட்டார் முதலாளி ஹெஸ்லாப். நாலு பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகை. அதற்குள் இவ்வளவு அதிகாரம். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதுதான் சரி. புது அச்சு மாட்டியபின் எங்கள் பந்தயக் கார் லாப்விங், வளைவில் வாலை வீசுவதில்லை.

நல்ல கார். மொத்த எடை அரை டன்னுக்குக் கொஞ்சம்தான் மேல். போன வருடம் மலைப்பாதைப் பந்தயத்தில் இரண்டு முறை முதலிடம், விமானத்தளப் பந்தயத்தில் பெரிய கம்பெனிகளுக்கு நடுவே மூன்றாமிடம். ஹெஸ்லாப் இருக்கைத் தாங்கி, கதவுக் கீல் எதையும் விடமாட்டார், துளை போட்டு இளைக்க வைப்பார். "ஓட்டைக்கு எடை கிடையாது, காலேஜு." காலேஜு என்பது நான். லயனல் என்று ஒரு பெயர் இருப்பது இங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

பிரேக் பெடல் மட்டும் முழுக்க என் வரைபடம். அதில் துளை கூடாது என்று ஒரு வாரம் கத்தினேன். "உசுர வச்சு மிதிக்கிற எடம்" என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 30

பிரான்ஸ் இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் எங்களுக்கு இடம்! ஜூனில். மெக்கானிக் சிட் காலை பத்து மணிக்கே பியர் வாங்கப் போய்விட்டார்.

பேசில் சாயங்காலம் வந்தான். வாரம் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. சனிக்கிழமை எங்கள் ஓட்டுநர். "இன்னும் அரை செகண்டு வேணும். எங்கயாவது எடையைக் கொறச்சுக் குடு, காலேஜு."

"உன் வயித்துல கொற" என்றேன்.

அவன் மனைவி மூரியல் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் எங்கள் நேரக்கணக்கு. கழுத்தில் இரண்டு ஸ்டாப்வாட்ச், கொண்டையில் பென்சில். எந்தக் கார் எத்தனையாவது சுற்று என்று ஒன்றுவிடாமல் கட்டம் கட்டமாக எழுதுவாள். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மே 7

எப்போதும்போல் பேசில் காரை வீட்டுக்கு ஓட்டிப் போனான். அங்கிருந்து நேரே பந்தயத்துக்கு. மழை வராமல் இருந்தால் சரி.

மே 9

பேசில் போய்விட்டான்.

மே 10

எழுதிவிடுகிறேன். எழுதாமல் என்ன செய்ய?

பன்னிரண்டாவது சுற்று. மற்ற கார்கள் வந்துவிட்டன, எங்கள் முப்பத்தொன்றாம் எண் கார் வரவில்லை. மூரியல் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். சிட் சொன்னார்: "டயர் போயிருக்கும்மா. எங்கயாவது ஓரமா நிப்பாட்டியிருப்பான்."

"பேசாதீங்க சிட், கணக்கு தப்பிடும்."

வளைவுக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. எல்லோரும் பார்த்தோம். அவள் பார்க்கவில்லை. பந்தயம் முடிகிறவரை மற்ற எல்லாக் கார்களையும் எழுதினாள். முப்பத்தொன்றுக்கு மட்டும் கட்டம் காலி, காலி, காலி. யாரோ வந்து கையிலிருந்த பென்சிலை வாங்கினார்கள்.

மே 12

காரின் மிச்சம் லாரியில் வந்து சேர்ந்தது. ஹெஸ்லாப் அறையை விட்டு வரவில்லை. "என் அச்சுதான். நான்தான் கொன்னேன்" என்றாராம் சிட்டிடம். புலம்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரித்துப் பார்த்தேன்.

அச்சு முழுசாக இருக்கிறது. ஒடிந்தது பிரேக் பெடலின் தண்டு. என் பெடல். அதில் ஐந்து துளைகள்.

நாங்கள் போட்டதில்லை. விளிம்பெல்லாம் அரத்தால் அழகாகத் தேய்த்திருக்கிறது. நடுத் துளையிலிருந்து விரிசல். இதில் என்ன மிச்சம் பிடித்தான்? நாலு அவுன்ஸ். இரண்டு முட்டை எடை. மடையன். அடேய் மடையா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா.

ஹெஸ்லாப்பிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அச்சு குற்றவாளி இல்லை, கார் குற்றவாளி இல்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடக்கம் முடியட்டும். யார்கிட்டயும் பேசாத."

மே 15

அடக்கம். அப்புறம் மூரியல் வீட்டில் தேநீர், ஹாம் சாண்ட்விச். சமையலறையில் ஹெஸ்லாப்பும் நானும் நின்றிருந்தோம். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"வியாழக்கிழமை ராத்திரி இதுமேல வச்சுத்தான் பெடல்ல ஓட்டை போட்டார். நான் டார்ச் புடிச்சேன். நாலு போதும்னார். நடுவுல ஒண்ணு இருந்தா பாக்க லட்சணமா இருக்கும்னு நான்தான்..." துணி நின்றது. "அதனால ஒண்ணுமில்லையே, லயனல்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஹெஸ்லாப், "அது நான் போடச் சொன்னதும்மா. அஞ்சுன்னுதான் சொல்லியிருந்தேன். நீ சொல்லலைன்னாலும் அஞ்சுதான்" என்றார்.

மே 21

மரண விசாரணை. துளைகள் தன் உத்தரவு என்று அதிகாரி முன்னால் ஹெஸ்லாப் சத்தியம் செய்து சொன்னார். காரின் வடிவமைப்பிலேயே அது சேர்ந்ததாம். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் சுருட்டிய வரைபடம், துளை இல்லாத பெடல். என்னை யாரும் கூப்பிடவில்லை. எழுந்து நின்றிருக்கலாம். முன் வரிசையில் மூரியலின் பின்கழுத்து தெரிந்துகொண்டே இருந்தது.

தெருவுக்கு வந்ததும் கத்தினேன். "அது நல்ல கார்! ஊரே பாக்கப் பொய் சொல்லி அதைக் கொன்னுட்டீங்க!"

"மூணு வருசமா ஓட்டைக்கு எடையில்ல, ஓட்டைக்கு எடையில்லன்னு அவன் காதுல ஓதுனது யாருடா? பாதி பொய்தான்." கொஞ்ச தூரம் நடந்தார். "வரைபடத்துல உன் பேரும் இருக்கு. அது கெட்டுப்போகும். அதுக்கு மட்டும் மன்னிச்சுக்க."

மே 28

பிரான்ஸிலிருந்து இடத்தை ரத்து செய்துவிட்டார்கள். கார் கேட்டிருந்த ஐந்து பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பத்திரிகையில் 'அனுபவமற்ற கையின் பலவீனமான பெடல்' என்று எழுதியிருக்கிறது. அனுபவமற்ற கை!

ஜூன் 2

ராணிக்கு முடிசூட்டு விழா. கொட்டும் மழை. ஊர் முழுக்க யார் வீட்டில் டெலிவிஷன் இருக்கிறதோ அங்கே. நான் கொட்டகையில் பத்திரிகைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வரைபடம், ஒடிந்த துண்டின் படம், எல்லாம் சேர்த்து. ஒரே கடிதத்தில் காரும் தப்பும், நானும் தப்புவேன்.

மூரியல் நனைந்துகொண்டு வந்தாள். ஸ்டாப்வாட்ச் இரண்டையும் மேசையில் வைத்தாள். "கம்பெனிது. குடுத்துடலாம்னு."

போகவில்லை. நின்றாள்.

"லயனல், காலேஜுக்குப் பொய் சொல்லவே வராதுன்னு பேசில் அடிக்கடி சொல்வார். அதான் உன்கிட்ட கேக்கறேன். முதலாளி சொன்னது நெசமா?"

மழைச் சத்தம் தகரத்தில். கடிதம் என் முழங்கைக்குக் கீழே.

"நெசம்" என்றேன்.

"அஞ்சும் அவர் சொன்னதா?"

"அஞ்சும்."

அப்போதுதான் உட்கார்ந்தாள். அடக்கத்தன்று அழாதவள் அழுதாள். நான் தேநீர் போட்டேன். எனக்கு வேறென்ன தெரியும்? அவள் போனதும் கடிதத்தை அடுப்பில் போட்டேன். நன்றாக எழுதியிருந்தேன்.

ஜூலை 18

கொட்டகை கைமாறிவிட்டது. வைக்கோல் அடுக்கப் போகிறார்களாம். ஹெஸ்லாப் கையைக் குலுக்கினார்.

செப்டம்பர் 30

கவன்ட்ரியில் லாரிக் கம்பெனி ஒன்றில் நேர்காணல். எதிரே இருந்தவருக்கு என் வரைபடங்கள் பிடித்திருந்தன. விடுதி பற்றிக்கூடப் பேசினார். அப்புறம் என் விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லாப்விங்கா? பெடல் ஒடிஞ்சு ஒரு பையன் செத்தானே, அந்தக் காரா?" என்றார்.

"ஆமா சார்."

"அந்தப் பெடலை யாருப்பா வரைஞ்சது?"

"நான்தான்."

பேனாவை மூடி வைத்தார். மூன்று பத்து ரயிலில் திரும்பிவிட்டேன்.