பட்டர் எசன்ஸ் போத்தல்

கோல்டிங்,
14.11.2024, வியாழக்கிழமை.

என்ரை அன்பு மகள் அஜந்தினிக்கு,

அம்மா எழுதுறது. நீயும் மருமோனும் அங்கை ஓக்லாந்திலை ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு காலமை விளக்குக் கொளுத்தேக்கை பிள்ளையாரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் எழுதக் குந்தினன். இஞ்சை நான் சுகம். அப்பாவும் சுகம் எண்டு எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கடிதத்திலை ஒரு பொய்யும் எழுதக்கூடாதெண்டு முடிவெடுத்திருக்கிறன், அதாலை அப்பா சாப்பிடுறார், நித்திரை கொள்ளுறார் எண்டு மட்டும் எழுதுறன். போனிலை சொல்லாமல் ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். போனிலை நீ குறுக்கை ஒரு கேள்வி கேட்டாலே நான் பாதியிலை நிப்பாட்டிப்போடுவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சது மறந்திருக்க மாட்டாய் எண்டு நம்பிக் கொட்டை எழுத்திலை எழுதுறன். மருமோனைக் கொண்டு வாசிப்பிக்காதை, முதலிலை நீ தனிய இருந்து வாசி.

இஞ்சை இப்ப நாலு மணிக்கே இருட்டுது. கீழ்வீட்டு விமலராணி அன்ரிக்கு முழங்கால் ஒப்பரேசன் நல்லாய் முடிஞ்சு பொல்லோடை நடக்கிறா. உன்னோடை படிச்ச சாரங்கிக்கு ஓல்போர்க்கிலை பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு, நீ ஒரு வாழ்த்துப் போட்டுவிடு. நான் பிஸ்கட் ஃபக்டரியிலை அதே பெட்டி அடுக்கிற லைனிலைதான் நிக்கிறன். இனி விசயத்துக்கு வாறன்.

போன ஆடி மாசம் நான் உனக்குப் போன் எடுத்து அப்பாவின்ரை நுரையீரல் பழுதாப்போச்சு, டொக்டர்மார் அந்த ஈ-சிகரெட்டைத்தான் சந்தேகப்படுகினம் எண்டு சொன்னன். பேந்து டேனிஷிலை, நான்தானே அதை வாங்கிக் குடுத்தனான், எல்லாம் என்ரை பிழை எண்டு அழுதாய். இல்லைப் பிள்ளை எண்டு நான் அந்த இடத்திலை சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. அழாதை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அண்டையிலிருந்து நீ போன் எடுக்கிறதும் குறைஞ்சுபோச்சு, எடுத்தாலும் அப்பாவைக் கேக்கிறேல்லை. உன்ரை பிழை இல்லை மோனை. அதைச் செய்தது நான்.

நீ 2022 நத்தாருக்கு வரேக்கை அந்த ஈ-சிகரெட்டையும், அதுக்குள்ளை விடுற, பட்டர் பிஸ்கட் வாசம் போட்ட தண்ணி எட்டுப் போத்தலையும் கொண்டந்து குடுத்தாய். முப்பது வருசமாய்ச் சிகரெட் பத்தின மனிசன், பஸ் ஓடிப்போட்டு ஒவ்வொரு தரிப்பிலையும் இறங்கி நிண்டு பத்தின மனிசன், பேந்து ஒன்பது மாசம் ஒரு சிகரெட்டைத் தொடேல்லை. நான் கோயிலிலை அர்ச்சனை செய்விச்சன். அடுத்த வருசம் புரட்டாதியோடை போத்தல் எல்லாம் முடிஞ்சுது. இஞ்சத்தைக் கடையளிலை சட்டப்படி புகையிலை வாசமும் புதினா வாசமும் மட்டும்தான் விக்கலாம். புகையிலை வாசம் பிடிச்சால் உண்மையான சிகரெட்டுக்கு ஆசை வருதெண்டார், புதினா தொண்டையைக் கீறுதெண்டார். ஒருநாள் பல்கனிப் பூச்சாடிக்குள்ளை மூண்டு சிகரெட் அடிக்கட்டை கண்டன்.

எங்கடை ஃபக்டரியிலை குக்கிசுக்குப் பட்டரோடை பட்டர் எசன்சும் விடுறவை. அதைக் கலக்கிறது ஜூலியன் எண்ட போலந்துக்காரர், நல்ல மனிசன். வீட்டிலை கேக் போட எண்டு கேட்டன், அவர் அடியிலை மிஞ்சின எசன்சை ஒரு சின்னப் போத்தலிலை விட்டுத் தந்தார். தரேக்கை அந்த மெசின் இரைச்சலுக்குள்ளை ஏதோ சொன்னார், கையாலை மூக்கைப் பொத்திக் காட்டினார். மணம் கூட எண்டு சொல்லுறார் போலை எண்டு சிரிச்சுத் தலையாட்டினன். விளங்காத டேனிஷுக்கெல்லாம் இத்தனை வருசமாய் நான் அப்பிடித்தான் தலையாட்டுறன், உனக்குத் தெரியும். கடையிலை வாசம் இல்லாத வெறும் தண்ணி விக்கிறாங்கள். அதை வாங்கி, நீ தந்த வெறும் போத்தலுகளைக் கழுவிக் காயவைச்சு, அதுக்குள்ளை ஊத்தி எசன்சிலை ஆறு துளி விட்டன். பிள்ளை தந்ததிலை இன்னும் அலுமாரிக்குள்ளை கிடந்தது எண்டு சொல்லி அப்பாவிட்டைக் குடுத்தன். சாப்பிடுற சாமான்தானே, சின்னப் பிள்ளையள் தின்னுற பிஸ்கட்டுக்குப் போடுறதுதானே, இதாலை என்ன வரப்போகுது எண்டுதான் நினைச்சன். அப்பா இழுத்துப்போட்டு, இது முந்தினதிலும் நல்லாய் இருக்கு எண்டு சொன்னார். பேந்து வாசம் காணாது எண்டார், பத்துத் துளி ஆக்கினன். தை பிறக்க முன்னம் பதினைஞ்சு.

முதலிலை இருமல் இல்லை, மணம்தான் வந்தது. விமலராணி அன்ரி கதவடியிலை நிண்டு என்ன கேக் போடுறியள் எண்டு கேட்டா. நான் கேக் போடேல்லை. தபால் கொண்டுவாற பெட்டையும் அதையே கேட்டாள். கோயிலிலை அப்பாவுக்கு முன்னாலை இருந்த இரண்டு பொம்பிளையள் திரும்பித் திரும்பிப் பாத்தினம். எனக்கு ஒரு மணமும் வரேல்லை பிள்ளை, எவ்வளவு மோந்து பாத்தும் வரேல்லை. எல்லாருக்கும் மணக்குது, அந்த வீட்டிலை இருக்கிற எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் மணக்கேல்லை. மாசி மாசம் ஒரு சத்தம் தொடங்கிச்சுது. குசினியிலை நிக்கேக்கை கேத்தில் கொதிச்சு விசிலடிக்கிற மாதிரி மெல்லிசாய்க் கேக்கும், போய்ப் பாத்தால் கேத்தில் குளிர்ந்துபோய் இருக்கும். பக்கத்து வீடாக்கும் எண்டு சுவரிலை காதை வைச்சுப் பாத்தன். அப்பா முன்னறையிலை பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருப்பார். எங்கள் இரண்டு பேரையும் விட மூண்டாவது ஆள் ஒண்டு வீட்டுக்குள்ளை ஒளிச்சு நிண்டு மூச்சு விடுற மாதிரியே எனக்கு இருந்தது. நான் ஒருதருக்கும் சொல்லேல்லை, பயித்தியம் எண்டு சொல்லுவினம் எண்டு பயம். ஒருநாள் அப்பாவின்ரை தோளிலை சால்வையைப் போடக் குனிஞ்சன். அந்தச் சத்தம் அவரின்ரை வாய்க்குள்ளையிருந்து வந்தது.

வைகாசியிலை எங்கடை மூண்டாம் மாடிக்கு ஏற அப்பாவுக்கு இருபது நிமிசம் பிடிச்சுது. ஆனி மாசம் ஆசுப்பத்திரியிலை கட்டில் குடுத்து மறிச்சுப்போட்டினம். முதல் எடுத்த எக்ஸ்ரேயிலை ஒரு குறையும் இல்லை, வடிவான நுரையீரல் எண்டு இளம் டொக்டர் ஒருவர் சொன்னார். படம் சுத்தம், மனிசன் கட்டிலிலை மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறார். பேந்து நெஞ்சு டொக்டர் ஒரு பொம்பிளை வந்தா. மூச்சை முழுக்க வெளியிலை விடுங்கோ எண்டு சொல்லி, விட்ட பிறகு ஸ்கான் எடுப்பிச்சா. அந்தப் படத்தை எனக்கும் காட்டினா. மூச்சு வெளியிலை போன இடம் வெளிறிப்போய் இருந்தது, போகாத இடமெல்லாம் கறுப்புத் திட்டுத் திட்டாய்க் கிடந்தது. மூச்சுக்குழாயளின்ரை நுனியெல்லாம் தழும்பு விழுந்து ஒடுங்கிப்போச்சு, உள்ளை போற காத்துத் திரும்பி வெளியிலை வர வழி இல்லை எண்டு சொன்னா. நான் அந்தக் கறுப்பையே பாத்துக்கொண்டு நிண்டன். அப்பாவின்ரை நெஞ்சுக்குள்ளை நேற்றையக் காத்தும் முந்தநாளையக் காத்தும் பூட்டுப்பட்டுக் கிடக்குது. அவர் எப்பவாவது எசன்ஸ், வாசனை கலக்கிற ஃபக்டரியிலை வேலை செய்தவரோ எண்டு டொக்டர் கேட்டா. இல்லை, பஸ் ஓடினவர் எண்டன். நீங்கள் என்ன வேலை எண்டு என்னைக் கேட்டா. பிஸ்கட் ஃபக்டரி, பெட்டி அடுக்கிறன் எண்டன். அவ எழுதுறதை நிப்பாட்டி என்னைப் பாத்தா. நான் யன்னலைப் பாத்தன். அப்பா கஷ்டப்பட்டு, மகள் தந்த ஈ-சிகரெட் தண்ணி எண்டு சொன்னார். அவ அதை எழுதினா.

ஐஞ்சு நாள் அவரோடை ஆசுப்பத்திரியிலையே இருந்துபோட்டு உடுப்பு எடுக்க வீட்டை போனன். மத்தியானம், நல்ல வெய்யில். கதவைத் திறந்தன். அடுப்பிலையிருந்து அப்பதான் இறக்கின பட்டர் கேக் மாதிரி ஒரு மணம் என்ரை முகத்திலை வந்து அடிச்சுது. ஆர் உள்ளுக்கை எண்டு கத்தினன். ஒரு சத்தமும் இல்லை. சப்பாத்தோடையே உள்ளை போய் அறை அறையாய்ப் பாத்தன், கேக் போடுற அவணைத் திறந்து கையை வைச்சன், சில்லெண்டு இருந்தது. ஐஞ்சு நாள் ஒருதரும் இல்லாத வீடு பிள்ளை, ஆரோ எங்களுக்கெண்டு சமைச்சு வைச்சிட்டுப் போன மாதிரி மணத்துக்கொண்டு நிண்டுது. எல்லாரும் சொன்ன மணம் இதுதான் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. ஐஞ்சு நாள் வெளியிலை இருந்ததாலை என்ரை மூக்குத் திரும்பி வந்திருக்கு. யன்னலைத் திறக்கப் போனன், கண்ணாடியிலை விரல் ஒட்டிச்சுது. துணியை நனைச்சுத் துடைச்சன், துணி மஞ்சளாய் வந்தது. எல்லா யன்னலையும், சுவரையும், உன்ரை பட்டமளிப்புப் படத்தின்ரை கண்ணாடியையும் துடைச்சன். உன்ரை முகமும் மஞ்சளாய்த்தான் இருந்தது.

அடுத்த நாள் வேலையிலை, ஜூலியன் கலக்கிற அறைக்குள்ளையிருந்து வெளியிலை வரும் வரைக்கும் வாசலிலை நிண்டன். முகம் முழுக்க மூடுற மாஸ்க்கைக் கழட்டினார், கன்னத்திலை அதின்ரை அச்சு சிவப்பாய் விழுந்திருந்தது. அந்த மாஸ்க்கை நான் ஏழு வருசமாய்ப் பாக்கிறன், மாத்தூசுக்காக்கும் எண்டு நினைச்சிருந்தன். ஏன் போடுறியள் எண்டு முதல் தரமாய்க் கேட்டன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவிலை ஒட்டியிருந்த பேப்பரை ஆறுதலாய் வாசிச்சு விளங்கப்படுத்தினார். சாப்பிட்டால் ஒண்டும் செய்யாது, ஆவியாய் மூச்சோடை இழுத்தால் நுரையீரலைத் தின்னும், அண்டைக்கே உங்களுக்குச் சொன்னனான், சூடாக்கி மணக்காதையுங்கோ எண்டு சொன்னனான், நீங்கள் தலையாட்டினீங்கள் எண்டார். பேந்து என்ரை முகத்தைப் பாத்துப் பயந்துபோய் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டார். கேக் போட்டன் எண்டு சொன்னன்.

இவ்வளவும் தெரிஞ்சுகொண்டுதான் ஆடி மாசம் உனக்குப் போன் எடுத்தனான். நீ அழ நான் கேட்டுக்கொண்டு இருந்தனான். அதுதான் எனக்கு நினைக்கப் பயமாய் இருக்கு, எசன்ஸ் விட்டது தெரியாத்தனம், இது தெரிஞ்சு செய்தது.

போன மாசம் டொக்டர், உங்கடை மகள் வாங்கின அந்தத் தண்ணியின்ரை பேரை மேலிடத்துக்கு எழுதப்போறன், வேறை ஆக்களும் அதைப் பாவிக்கலாம் எண்டு சொன்னா. அதுக்கு மேலை என்னாலை ஏலாமல் போச்சு. எசன்ஸ் போத்தலைப் பையிலையிருந்து எடுத்து மேசையிலை வைச்சுச் சொன்னன். அவ என்னை ஏசேல்லை. சிகரெட்டும் முப்பது வருசம் பத்தினவர், இதுதான் காரணம் எண்டு ஒருதராலும் அறுதியாய்ச் சொல்ல ஏலாது, ஆனால் பட்டர் மணத்துக்குப் போடுற டையசெட்டில் எண்ட சாமானை மூச்சோடை இழுத்த ஃபக்டரி ஆக்களுக்கு இதே தழும்பு வந்திருக்கு எண்டு சொன்னா. இந்த எசன்சுகளைச் சாப்பிட்டுப் பாத்துத்தான் நல்லது எண்டு எழுதி வைச்சிருக்கினம், மூச்சாலை இழுத்துப் பாத்து இல்லை எண்டும் சொன்னா. வந்த தழும்பு மாறாது, இனிக் கூடாமல் இருக்கலாம் எண்டா.

ஆசுப்பத்திரியாலை விட்டதிலையிருந்து அப்பா அந்த ஈ-சிகரெட்டைத் தொடேல்லை. அவருக்கும் வீட்டை வந்து சொன்னன். அவர், எனக்கு ருசியாய்த்தானே இருந்தது எண்டு மட்டும் சொன்னார். அதுக்குப் பிறகு மூண்டு நாள் நான் குடுத்த தேத்தண்ணியைக் குடிக்கேல்லை. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுக் குசினிக்கு வந்து, இடையிலை நிண்டு நிண்டு மூச்செடுத்து, தானே ஊத்தி, கப்புக்குள்ளை குனிஞ்சு மணந்து பாத்துப்போட்டுக் குடிச்சார். நாப்பது வருசம் என்ரை கையாலை திண்ட மனிசன். நாலாம் நாள் காலமை, புட்டு அவி எண்டார். அவிச்சுக் குடுத்தன். ஒரு வாய் வைச்சுப்போட்டுக் கேட்டார், பிள்ளைக்குச் சொன்னியோ எண்டு. இல்லை எண்டன். புட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சொன்னார். எனக்கு நெஞ்சுதான் அடைச்சது, அவளுக்கு நீ என்னத்தை அடைச்சு வைச்சிருக்கிறாய், முதலிலை அவளுக்கு எழுது எண்டார். அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க அவர் நாலு தரம் நிப்பாட்டவேண்டி வந்தது.

அதுதான் எழுதுறன் மோனை. நீ குடுத்ததாலை அவர் சிகரெட்டை விட்டார். நான் குடுத்ததாலைதான் இப்பிடி ஆனார். நீ என்னை ஏசலாம், கதைக்காமல் விடலாம், அப்பாவோடை மட்டும் கதைக்காமல் இராதை. இன்னொண்டு, மருமோன் நிதுஷனும் மாம்பழ வாசத்திலை ஈ-சிகரெட் ஊதுறார் எண்டு நீ முந்திச் சொன்னாய். கடையிலை விக்குது, சாப்பிடுற எசன்ஸ்தான் எண்டு சொல்லுவார். நானும் அதைத்தான் சொன்னனான் எண்டு சொல்லு. அதுக்குள்ளை என்ன கிடக்கு, அதை ஆர் மூச்சாலை இழுத்துப் பாத்தவை எண்டு கேக்கச் சொல்லு, மறுமொழி இல்லையெண்டால் விடச் சொல்லு. கடைசிவரைக்கும் வீட்டிலை ஒண்டும் கலக்கவேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், நல்ல மூச்சோடை நீடூழி வாழவேணும் எண்டு அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறம். கடிதம் வந்து சேர இரண்டு மூண்டு கிழமை செல்லும். கிடைச்ச பிறகு வாற ஞாயிற்றுக்கிழமை எங்கடை நேரம் காலமை பத்து மணிக்குப் போன் எடு, அப்பாதான் எடுப்பார், நான் விமலராணி வீட்டை போய் இருப்பன். ஒண்டை மட்டும் மறக்காதை. முந்தி இரண்டு தரம் அவர் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை லைன் அறுந்துபோச்சு எண்டு நினைச்சு நீ வைச்சிட்டாய். லைன் அறேல்லை. இனிச் சத்தம் நிண்டுபோனால் வைச்சிடாதை பிள்ளை, ஹலோ ஹலோ எண்டும் கூப்பிடாதை. மூச்சு வெளியிலை வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு அப்பா லைனிலைதான் நிக்கிறார்.

உன்னிட்டை மன்னிப்புக் கேக்கிற,
உன்ரை அம்மா,
கு. தங்கமலர்