எட்டெழுத்துக்கு மேல்

மார்ச் 4
ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் என் மூத்த ஓரகத்தி, அக்கா, படங்களுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ‘பேக்கரிக்காரர் மகள் கல்யாணம் - அப்பா கண்ணைத் துடைக்கிறார்.’ இது பெயரா, கதையா? நானாக இருந்தால் ‘கல்417’, முடிந்தது. மாமனாரோ, வாடிக்கையாளர் எதிரிலேயே, “பேரப் படிச்சாலே படம் தெரியுது. மூத்தவளுக்குத்தான் அந்த மூளை” என்கிறார்.

மார்ச் 9
என் வீட்டுக்காரரும், “அண்ணிகிட்ட கத்துக்கோயேன்.” நான் சாப்பிடவில்லை. அதை அவர் கவனிக்கவுமில்லை.

மார்ச் 15
புது மெஷின் வந்தது. படங்களை மாற்றும் வேலை எனக்கு. நகலெடுக்கப் பழைய புரோகிராம் ஒன்று இருக்கிறது. எட்டெழுத்துக்கு மேல் போனால் பெயரை நறுக்கி, வாலில் நம்பர் ஒட்டிவிடும். தெரிந்துதான் அதைப் போட்டேன். முடிந்ததும் பழைய மெஷினில் இருந்ததையெல்லாம் அழித்து, அதைப் பழைய சாமான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

மார்ச் 17
பேக்கரிக்காரர் ஆல்பம் கேட்டு வந்தார். திரையில் பேக்கரி~1, பேக்கரி~2, இப்படியே நானூறு. அக்கா முகம் வெளுத்தது.
“நீட்டி முழக்கிப் பேர் வெச்சா மெஷின் எப்படித் தாங்கும் மாமா?” என்றேன்.
மாமனார் அக்கா பக்கம் திரும்பாமலே அவளிடம் சொன்னார்: “நாளைலேர்ந்து நீ வீட்டப் பாத்துக்க.”
நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2
சாப்பாட்டில் உப்பு அதிகம். எல்லார் முன்னாலும் அக்காவிடம் சொன்னேன்.

மே 20
அம்மா போய்விட்டாள்.

மே 23
அண்ணன் போன்: “அம்மாவோட நல்ல படம் ஒண்ணு அனுப்பு. ஸ்டுடியோவுலதான இருக்க?”
கேமராவைக் கண்டாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போன வருஷம் அக்காதான் பேச்சுக் கொடுத்து ஒன்று எடுத்தாள். தேடினேன். எல்லாப் படத்திலும் ஒரே தேதி - நான் நகலெடுத்த தேதி. திறக்கத் திறக்க யார் யார் அம்மாவோ.
சமையலறைக்குப் போனேன். வேறு என்ன செய்ய?
“எடுத்தேனே. வாய்விட்டுச் சிரிச்சாங்க. பேருகூட நீளமா வெச்சேன்.” அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன பேருன்னுதான் ஞாபகமில்ல.”
பொய். அவளுக்கு எல்லாம் ஞாபகமிருக்கும்.

ஜூன் 6
அண்ணன் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாட்டிவிட்டான். பார்க்க வந்த தாய்மாமா, “யாரு இது?” என்றார்.

ஜூலை 1
கேட்டு வருகிறவர்களுக்கு அவர்கள் படத்தைத் தேடிக் கொடுக்க என்னால் முடியவில்லை. மாமனார் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து நீளநீளமாகப் பெயர் வைக்கிறாள். மதியச் சாப்பாடு நான் கொண்டுபோகிறேன். இன்று பக்கத்தில் போனதும் திரையில் வாய்விட்டுச் சிரிக்கும் யாரையோ சட்டென்று மூடினாள்.
“வெச்சிட்டுப் போ.”
வைத்துவிட்டு வந்தேன்.